வெள்ளைக்காரர் பேச்சில் நான் சொல்லாத சொல்

அண்ணன் எழுந்து நின்றார்.

எங்கள் ஆலயத்தில் பிரசங்கத்தின் நடுவில் யாரும் எழுந்து நிற்பதில்லை. குழந்தை வீறிட்டால்கூடக் குனிந்தபடியே தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அண்ணன் வலதுபக்க வரிசையில், வெள்ளை ஜிப்பாவும் தோளில் மடித்த துண்டுமாக, முன்பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார்.

“ஜெயா, அவரு சொல்றதத்தான் சொல்றியா, இல்ல நீயாச் சேத்துக்கிறியா?”

மைக் என் கையில் இருந்தது. பக்கத்தில், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த எழுபது வயதுப் போதகர் என் முகத்தையும் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று அறுப்பின் பண்டிகை. பீடத்தைச் சுற்றி வாழைத்தார்களும் கரும்பும் திராட்சைக் கூடைகளும் குவிந்து கிடந்தன. யாரோ காணிக்கையாகக் கொண்டுவந்த புது ஏலக்காயின் வாசனை தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால், அண்ணன் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பின்னால் போய்த்தான் வரவேண்டியிருக்கிறது.

டீச்சர் எதையோ முழுங்கிட்டாக

இந்தத் தொடரில் அண்ணன் முன்பே வந்திருக்கிறார். புதிதாகப் படிப்பவர்களுக்காக: பெயர் தங்கராஜ். பஜாரில் பெயின்ட், ஆணி, குழாய் விற்கும் கடை. அப்பா போன பிறகு என்னை மதுரைக்கு அனுப்பி ஆங்கிலம் படிக்கவைத்தவர். சபைக் கமிட்டியின் செயலாளர். ஊர், தேனிக்கும் போடிக்கும் இடையில். பெயரைச் சொல்லவில்லை; இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் என்பதால், வெளியூர்ப் போதகர் யார் வந்தாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை கட்டப்பனையிலிருந்து மலையாளி ஒருவர் வந்தார். மலையாளம் எனக்கும் ஓரளவு வரும். ஆண்டிபட்டி வழியாக மதுரைக்குப் போன கதையைச் சொல்லும்போது ஊர்ப்பெயரை உச்சரித்துவிட்டுத் தானே சிரித்தார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். எதற்கு வம்பு என்று அதை விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனேன். ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் பழகியவர்களுக்கு மலையாளம் தெரியும், அவர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள், “டீச்சர் எதையோ முழுங்கிட்டாக” என்று பல நாள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

அன்றிலிருந்து வந்ததை வந்தபடியே சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்று அப்போது தெரியாது.

வெள்ளைக்காரர் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். எங்கள் பள்ளத்தாக்குக்குள் ஒரு வெள்ளைக்காரர் டீ குடிக்க இறங்கினாலும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மலையைத் தோண்ட வந்திருக்கிறான், ஏலக்காய் விலையை வேவு பார்க்க வந்திருக்கிறான், மதம் மாற்ற வந்திருக்கிறான். சும்மா வந்தான் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இடிந்த சுவர்

எங்கள் சபைக்கு ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. நடுவில் இடுப்பளவு சுவர். சுவருக்கு இந்தப்பக்கம் எங்களைப் போன்ற பஜார் குடும்பங்கள். அந்தப்பக்கம் கீழத்தெருக் குடும்பங்கள். நிலக்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளாகக் கிடந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வாசல். சாதி என்ற சொல்லை எங்கள் சபையில் யாரும் உச்சரிப்பதில்லை. சுவர் இருந்ததால் உச்சரிக்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்தப் பண்டிகைக்கு முந்தைய ஐப்பசி மழையில் பெரிய வேப்பமரம் ஒன்று சாய்ந்து, சுவரின் நடுப்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. மரத்தை அறுத்து எடுத்தார்கள். சுவரை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

எடுத்துக் கட்ட வேண்டும் என்றது பஜார். கட்டவே கூடாது என்றது கீழத்தெரு. கமிட்டி கூடிக் கூடிக் கலைந்தது. அண்ணன் கடையிலிருந்து மினி லாரியில் சிமென்ட் மூட்டை போனால், “கல்லறைக்குத்தான் போகுது” என்று பேச்சு கிளம்பும். கீழத்தெரு ஆட்கள் யாராவது தேனிக்கு பஸ் ஏறினால், “வக்கீலப் பாக்கப் போறாக” என்பார்கள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த எங்கள் பாஸ்டர் ஐயா, இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்தே இளைத்துப்போயிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஹெண்ட்ரிக் வந்தார்.

ஹெண்ட்ரிக் சொன்னது

இது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. ஓய்வுபெற்ற போதகர். மூதாதைகள் ஹாலந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய டச்சுக்காரர்கள். குமுளியில் தங்கி யானை பார்க்க வந்தவர், மலையடிவாரச் சபைகளைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். பாஸ்டர் ஐயா பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல அழைத்துவிட்டார்.

என்ன பேசப்போகிறீர்கள் என்று காலையில் கேட்டேன். “என் குடும்பக் கதை” என்றார். இப்படி வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவர் பேசியதன் சுருக்கம் இது.

அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா ஹாலந்தில் ஒரு போதகர். அரசாங்கச் சபையில் சேர மறுத்து, மாட்டுக்கொட்டகையிலும் தானியக்கிடங்கிலும் ஆராதனை நடத்தியவர். அதற்காக அபராதம் கட்டினார், சிறைக்கும் போனார். கடைசியில் தன் சபை மக்களைத் திரட்டிக்கொண்டு கப்பலேறி அமெரிக்காவில் போய் இறங்கினார். இனி யாரும் தங்களை அடக்க முடியாது என்று மண்ணில் முழங்கால் போட்டு ஜெபித்தார்களாம்.

இந்த இடத்தில் சபையில் “ஆமென்” கேட்டது. பஜார் உட்காரும் வலதுபக்கத்திலும், கீழத்தெரு உட்காரும் இடதுபக்கத்திலும்.

ஹெண்ட்ரிக் தொடர்ந்தார். அந்த அமெரிக்காவிலேயே தெற்கு மாநிலங்களில் கறுப்பு மக்களை அடிமைகளாக விற்றார்கள், வாங்கினார்கள். சபை மக்கள் தங்கள் போதகரைக் கேட்டார்கள், இதைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. சிறைக்கே அஞ்சாத அந்த மனிதர் சொன்னார்: அடிமைத்தனம் வருத்தமான விஷயம்தான். ஆனால் வேதம் அதை நேராகத் தடைசெய்யவில்லை. இது அரசாங்கத்தின் காரியம், சபையின் காரியம் அல்ல. எஜமான்கள் இரக்கமாக இருக்கட்டும், அடிமைகள் பொறுமையாக இருக்கட்டும். விடுதலை விடுதலை என்று கூச்சல் போடுகிறவர்கள் சபையை உடைக்கப் பார்க்கிறார்கள். இதைப் பேச இது நேரமில்லை.

டச்சுப் போதகர்கள் எல்லோரும் அப்படி இல்லை, எதிர்த்துப் பேசியவர்களும் உண்டு என்றார். “என் தாத்தாவின் தாத்தா தன் வாழ்நாளில் ஓர் அடிமையைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் வைத்திருந்தவர்கள் வந்தபோது ஒரே மேசையில் திருவிருந்து கொடுத்தார். என் வீட்டில் பாதிக் கதையைத்தான் எனக்குச் சொன்னார்கள். சிறைக்குப் போன பாதியை.”

இப்போது ‘ஆமென்’ எதுவும் வரவில்லை.

அடிமை என்ற சொல்

ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவர் அந்த மக்களைக் குறிப்பிட்ட ஒவ்வொரு முறையும் நான் ‘அடிமை’ என்றேன். வேறு சொல் ஏது? ஆனால் எங்கள் ஜெபங்களில் அடிமை என்பது இனிப்பான சொல். “உம் அடிமை வந்து நிற்கிறேன்” என்று கடைக்காரரும் வேண்டுவார், களை எடுக்கிறவரும் வேண்டுவார். யாருக்கும் உறுத்தாது. அதனால் “காசுக்கு விற்று வாங்கப்பட்ட அடிமைகள்” என்று அழுத்திச் சொன்னேன்.

உறுத்துகிற சொல் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. அது பண்ணையாள். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. அவர் சொன்னது அமெரிக்காவைப் பற்றி. பண்ணையாள் எங்கள் ஊர்ச் சொல். வந்ததை வந்தபடி என்றால் அதைச் சேர்க்க எனக்கு உரிமை இல்லை.

‘சிறைக்குப் போன பாதியை’ என்று நான் தமிழில் முடித்தபோதுதான் அண்ணன் எழுந்தார்.

ஹெண்ட்ரிக் என் காதருகே குனிந்து, அவர் என்ன கேட்கிறார் என்றார். நீங்கள் சொல்வதைத்தான் நான் சொல்கிறேனா என்று சந்தேகப்படுகிறார் என்றேன். அவர் கோபப்படவில்லை. எந்த வாக்கியத்தில் சந்தேகம் என்று கேளுங்கள், திரும்பச் சொல்கிறேன் என்றார்.

நான் மைக்கைத் தூக்கினேன். “எந்த வாக்கியம்னு கேக்கிறாரு அண்ணே.”

அண்ணன் வாயைத் திறந்தார். ஆலயம் முழுவதும் அவரையே பார்த்தது. எந்த வாக்கியம் என்று சொன்னால், அது ஏன் தன்னைத் தைத்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அவர் முகம் கறுத்துச் சிவந்தது. துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பக்கத்துச் சந்தேகம்

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவது வழக்கம். அன்று கேட்க ஆளில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திராட்சைக் கூடையில் ஈ மொய்த்தது.

அண்ணன் என்னை ஆலய வாசல் புளியமர நிழலுக்குக் கூப்பிட்டார்.

“சுவரு விசயத்த அந்தாளுக்குச் சொன்னது நீதான?”

“நான் ஒன்னும் சொல்லல அண்ணே.”

“பண்ணையாளுன்னு நீ சொன்னத எங்காதால கேட்டேன். அமெரிக்காவுல ஏது பண்ணையாளு? சொந்த அண்ணன முச்சந்தியில நிறுத்திட்டியே.”

நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பினால் எஸ்தர் நின்றாள். கீழத்தெருவில் அங்கன்வாடி நடத்துகிறவள். கமிட்டியில் அவர்கள் பக்கத்துப் பிரதிநிதி. எனக்கு ஏறக்குறைய சிநேகிதி. ஏறக்குறைய என்று எழுதுகிறேன். அவள் வீட்டில் நானும் என் வீட்டில் அவளும் சாப்பிட்டதில்லை.

“ஏன் டீச்சர், பொறுமையா இருங்கன்னு எங்களுக்குச் சொல்லச் சொன்னது யாரு? பாஸ்டர் ஐயாவா, ஒங்க அண்ணனா?”

“அது அவரோட தாத்தா சொன்னது எஸ்தர். அவரு அது தப்புன்னுதான் சொல்றாரு.”

“தாத்தா சொன்னாருன்னு சொன்னீக. ஆனா எங்க பக்கம் பாத்துல்ல சொன்னீக.”

நான் எந்தப் பக்கம் பார்த்தேன்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பிற்பகலில் இன்னொருவர் வந்தார். உளவுப் பிரிவு ஏட்டு. சுற்றுலா விசாவில் வந்தவர் பிரசங்கம் செய்ததாக யாரோ போன் செய்திருக்கிறார்கள். பாஸ்டர் ஐயா நடுங்கிப்போனார். என்ன பேசினார் என்று ஏட்டு என்னிடம் கேட்டார். அன்று இரண்டாம் முறையாக முழுவதையும் தமிழில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“இதெல்லாம் அமெரிக்காவுல நடந்தது?”

“ஆமா சார்.”

“நம்ம ஊரப் பத்தி ஒன்னும் பேசல?”

“இல்ல சார்.”

“பெறகு எதுக்கு நம்ம ஊர்க்காரவுகளுக்கு இம்புட்டுக் கோவம் வருது?”

வெள்ளைக்காரரை நாளைக்கே கிளம்பச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஏட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். போன் செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. எனக்குச் சிலர் மேல் சந்தேகம் உண்டு. சிலருக்கு என் மேலேயே இருந்திருக்கலாம்.

மலை ஏறும்போது

மறுநாள் ஹெண்ட்ரிக்கை டாக்ஸியில் குமுளிவரை கொண்டுபோய் விட்டேன். கம்பம் தாண்டி மலையடிவாரத்துக்கு வந்தோம். மேலேயிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்ததும் அது என்ன என்று கேட்டார். பெரியாற்றுத் தண்ணீர், மின்சாரம் எடுக்கக் கொண்டுவருகிறார்கள் என்றேன். பிறகு நான் கேட்டேன்.

“எங்கள் கல்லறைச் சுவரைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்கள்?”

“எந்தச் சுவர்?”

நான் நம்பவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். சுவர் கதையை நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. அதற்குப் பிறகுதான் பாதியாவது நம்பினேன்.

தாத்தாவின் கதையை முதலில் தன் ஊர்ச் சபையில்தான் சொன்னதாகச் சொன்னார். அங்கே அந்தத் தாத்தாவின் பெயரில் ஒரு மண்டபமே இருக்கிறதாம். அதற்குப் பிறகு அவரைப் பேச அழைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

“அப்படியென்றால், உங்கள் ஊரில் சொல்ல முடியாததை, உங்களை ஒன்றும் செய்ய முடியாத தூரத்தில் இருக்கிற எங்களிடம் வந்து சொன்னீர்கள்” என்றேன்.

வண்டி கொண்டை ஊசி வளைவு ஒன்றில் திரும்பியது. அவர் ஜன்னலுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டார்.

“அதுவும் இருக்கலாம்” என்றார். “நான் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. மன்னியுங்கள். உங்களுக்கு அங்கே கஷ்டமாகிவிட்டதா?”

“நான் அங்கேதான் இருக்க வேண்டும்” என்றேன்.

குமுளியில் இறங்கி என் கையைப் பிடித்தார். சுவர் என்ன ஆயிற்று என்று எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை.

கமிட்டியின் முன்னால்

எங்கள் ஆராதனையை யூடியூபில் நேரலையாகப் போடுவார்கள். பாஸ்டர் ஐயா அன்றைய பதிவை நீக்கிவிடலாம் என்றபோது அண்ணன்தான் தடுத்தார். “இருக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும். அவ சொன்னாளா இல்லையான்னு தெரிஞ்சிரும்.”

சனிக்கிழமை சாயங்காலம் சபை மண்டபத்தில் கமிட்டி கூடியது. பஜார்க்காரர்கள் ஒரு பக்கம், கீழத்தெருவிலிருந்து எஸ்தரும் இன்னும் இருவரும் மறுபக்கம். என்னை நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். போனை ஸ்பீக்கரில் இணைத்து ஓடவிட்டார்கள்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஹெண்ட்ரிக் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். கொட்டகை, சிறை, கப்பல், விற்றல், வாங்கல். அண்ணன் எழுந்து கேட்கும் இடம்வரை வந்தது.

பண்ணையாள் என்ற சொல் எங்கேயும் இல்லை.

“இன்னொருக்காப் போடு” என்றார் அண்ணன்.

போட்டார்கள். இல்லை.

பஜார் பக்கம், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் காதைத் தேய்த்துக்கொண்டார். “எனக்கும் கேட்டுச்சே தங்கராஜு.”

எஸ்தர் தலைகுனிந்தபடி சொன்னாள்: “எனக்கும்தான் கேட்டுச்சு.”

சொல்லாத ஒரு சொல்லை இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறார்கள். என்னைக் குற்றம் சொல்ல வழியில்லாமல் போனதில் ஒருவருக்கும் நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. என் அண்ணனுக்கு வேர்த்தது.

பாஸ்டர் ஐயாதான் கடைசியில் வாயைத் திறந்தார். “சரி, சுவர் விசயத்த அடுத்த கூட்டத்துல பேசுவோம். இப்ப பேசுறதுக்கு நேரம் சரியில்ல.”

எஸ்தர் நிமிர்ந்தாள். குரலில் கேலி இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவளைப்போல என்னிடம் கேட்டாள்.

“டீச்சர், அந்த வெள்ளைக்காரரோட தாத்தாவும் அடுத்த கூட்டத்துக்குத்தான் தள்ளிவச்சாரா?”

யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத கேள்வி. கூட்டம் ஜெபம்கூட இல்லாமல் கலைந்தது.

ஓர் அடக்கம்

சில வாரம் கழித்து எஸ்தரின் அப்பா இறந்துபோனார். இளமையில் பண்ணையில் கிடந்து, பிறகு வீரபாண்டிப் பக்கம் கரும்பு வெட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்.

நான் அடக்கத்துக்குப் போனேன். குழி எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. சுவர் இடிந்த இடத்தில், அஸ்திவாரக் கற்களைப் பெயர்த்து ஓரமாகக் குவித்துவிட்டு, அந்தக் கோட்டின் மேலேயே வெட்டியிருந்தார்கள். தலைமாடு அந்தப்பக்கம், கால்மாடு எங்கள் பக்கம். கீழத்தெரு ஆட்கள் நெருங்கி நின்றார்கள். பஜார்க்காரர்கள் நாலைந்து பேர் எங்கள் வாசலருகே நின்றுகொண்டு, உள்ளே வராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியை இறக்கும் நேரத்தில் அண்ணன் வந்தார்.

அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வாசல் வழியாக வந்து, அப்பாவின் கல்லறையைத் தாண்டி, நேராகக் குழியின் விளிம்புக்கு வந்து நின்றார். கீழத்தெரு இளைஞர்கள் இருவர் தோளோடு தோள் சேர்த்து முன்னால் நகர்ந்தார்கள். மண் போட வந்தாரா, குழி எவ்வளவு தூரம் இந்தப்பக்கம் வந்திருக்கிறது என்று அளவு பார்க்க வந்தாரா என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன் குனிந்து கைப்பிடி மண்ணை எடுத்துப் போட்டார். பிறகு குழியைச் சுற்றிக்கொண்டு எஸ்தரிடம் போனார். பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பினார்.

நான் பின்னாலேயே ஓடி, வாசலில் பிடித்தேன்.

“என்னண்ணே கேட்டீக?”

“குழிய ஏன் இங்கன வெட்டுனீகன்னு கேட்டேன். எங்கப்பா படுக்கிற எடம் இதுதான்னு எஸ்தர் சொல்லுச்சு. சரின்னுட்டு வந்துட்டேன்.”

வண்டியை எடுத்தார். சுவரைப் பற்றி அதன் பிறகு அவர் கமிட்டியில் பேசவில்லை. மற்றவர்கள் பேச்செடுத்தாலும் எழுந்து வெளியே போய்விடுகிறார். சுவரை யாரும் கட்டவும் இல்லை.

துக்கம் ஆறிய பிறகு ஒருநாள், எஸ்தர் வீட்டு வாசலில் அவள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஒங்கண்ணன் ஒன்னுமே கேக்கலயே டீச்சர். நானும் ஒன்னும் சொல்லல. எங்கையப் புடிச்சிக்கிட்டுச் சும்மா நின்னாக. அழுதாகன்னு நெனைக்கிறேன். வெயிலு வேற, வேர்வையாவும் இருக்கலாம்.”